மூன்றாவது சீட்டுக்கு இரண்டு பேர்

வசந்தாமணியின் அண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று புதுச்சத்திரத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. மாமியார் பெரியநாயகியிடம் கேட்டால், "அவனா? குழியில பந்து தள்ளற வேலைங்க" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. கல்யாணமாகி வந்த ஆறு வருஷமும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் வசந்தாமணி கோழிப்பண்ணையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாய் துறுதுறுக்கும். என்னவென்று சொல்வது? கோல்ஃப் என்றால் அது என்ன என்று கேட்பார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் பெரியநாயகி இரண்டு கொட்டாவி விட்டுவிடுவார்.

அண்ணன் பெயர் தண்டாயுதபாணி. வீட்டில் தண்டபாணி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம் பிறந்தவர்கள். அப்பா நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். ராய்ச்சூர்ப் பக்கம் ஏதோ ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள். அப்போது வசந்தாமணிக்குப் பதினாறு, அண்ணனுக்கு இருபத்திரண்டு. தங்கையைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அவனும் போர் வண்டியில் ஏறினான். வேறு என்ன செய்வான்?

பெங்களூருக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் அறுநூறு அடிக்குப் போர் போட்டார்கள். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. மோட்டார் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தண்டபாணி நின்றுவிட்டான். புல்லுக்குத் தண்ணீர் விட்டான், உடைந்த மட்டையை ஒட்டவைத்துப் பந்து அடித்துப் பார்த்தான், அப்புறம் ஆட வருகிற பெரிய மனிதர்களின் பையைத் தூக்கினான். பை தூக்குகிறவனைக் கேடி என்பார்களாம். இந்தச் செய்தி ஊருக்கு வந்த அன்று சித்தப்பா வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

ஆனால் பையன் கையில் ஏதோ இருந்திருக்கிறது. பை தூக்குகிறவர்களுக்குள் நடந்த போட்டியில் ஜெயித்தான். இருபத்தெட்டு வயதில் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். பெரிய கோப்பை ஒன்றும் வாங்கியதில்லை. ஆனால் வருஷா வருஷம் தன் இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தான். அதிலிருந்துதான் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தான். தனக்குச் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "சூட்கேசுக்குள்ள எவ வந்து குடும்பம் நடத்துவா?" என்பான்.

அவனைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். வசந்தாமணியின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஆசியாவில் நடக்கிற ஆட்டங்களுக்கு அனுமதிக் கார்டு வாங்க ஒரு தேர்வுப் போட்டி நடந்தது. கடைசி நாளில் நீளப் புல்லுக்குள் கிடந்த பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்திருக்கிறான். பந்து அரைச் சுற்று அசைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படி அசைந்தால் தண்டனையாக ஒரு அடி கூடும்; அடி குறைந்தவனுக்குத்தான் ஜெயம். இவனாகவே போய்ச் சொல்லி, தன் கணக்கில் ஒரு அடி கூடுதலாக எழுத வைத்தான். அந்த ஒரே ஒரு அடியில் கார்டு போயிற்று. அதை வாங்க மேலும் இரண்டு வருஷம் ஆனது.

வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்ணா, அதான் ஒருத்தரும் பாக்கலையில்லீங்க?"

"நான் பாத்தனே, அம்மிணி" என்றான்.

இப்படியும் ஒரு மனிதன். அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவனுக்கு முப்பத்தேழு முடிந்த தீபாவளிக்குப் புதுச்சத்திரம் வந்திருந்தான். வருகிற வழியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். பண்ணைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் உட்காரும்போது கையை ஊன்றி ஊன்றி உட்கார்ந்தான். முதுகு இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அப்பறம் என்னங்ணா பண்ணுவீங்க?"

"அதுக்குள்ள ஒருக்கா பிரிட்டிஷ் ஓபனுக்குப் போயிறோணும்" என்றான். "உலகத்துலயே பெரிய ஆட்டம் நாலு. அதுல ஒண்ணு. அங்க ஒருக்கா ஆடுனவன்னு பேரு வந்துருச்சுன்னா, எந்த மைதானத்துலயும் கூப்புட்டு வாத்தியாரா வெச்சுக்குவாங்க. இல்லைன்னா மறுபடியும் மோட்டாருதான் போடோணும்."

"போறதுதானுங்ணா? ஆரு வேண்டாங்கறா?"

தண்டபாணி சிரித்துவிட்டான். "அம்மிணி, நம்ம நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு வந்து நிக்கறதுக்கு முன்னாடியே சன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல? அதே கதைதான். மொத்தம் நூத்தம்பத்தாறு சீட்டு. முன்னாடி ஜெயிச்சவன் வயசாகற வரைக்கும் துண்டு போட்டு வெச்சிருக்கான். மத்த மூணு பெரிய ஆட்டத்துல ஜெயிச்சவனுக்கு அஞ்சு வருசத்துக்குத் துண்டு. உலக லிஸ்ட்டுல மொத அம்பது பேருக்குத் துண்டு. என்னையாட்ட ஆளுக்குப் படிக்கட்டுலகூட எடமில்ல. ஆனா வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆட்டம் இந்தப் பக்கத்து நாடுகள்ல நடக்கும். அதுல முன்னால வர்றவங்கள்ல, ஏற்கெனவே துண்டு போடாதவனாப் பாத்து மூணு பேருக்குச் சீட்டுக் குடுப்பாங்க. மாசியில மலேசியாவுல ஒண்ணு வருது. அத நம்பித்தான் உசுரைக் கையில புடிச்சுட்டிருக்கேன்."

வசந்தாமணிக்குப் பாதி புரிந்தது. மூணு சீட்டு, மாசி மாசம், மலேசியா. இந்த மூன்றையும் மனதில் போட்டுக்கொண்டு, போகிற வருகிற கோயிலில் எல்லாம் வேண்டிக்கொண்டாள்.

அந்தத் தையில்தான் மகள் கனிஷ்காவுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயது. வசந்தாமணிக்கு வயிற்றில் ஐந்து மாதம். பெரியநாயகி தன் பிறந்த ஊர் ஜோசியரைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதில் மாற்றமில்லை. ஆனால் கூடப்பிறந்த மாமன் வர முடியாவிட்டால் பெரியப்பா சித்தப்பா மகன் உட்காரலாம், அதுவும் வழக்கம்தான். வசந்தாமணிக்குச் சித்தப்பா மகன் சின்னண்ணன் இருந்தான், ராசிபுரத்தில் துணி யாவாரம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். இல்லையென்றால் பங்குனிக்குத் தள்ளி வைத்திருக்கலாம். காது எங்கேயும் ஓடிப்போய்விடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அகமதாபாத்திலிருந்து அண்ணன் போன் செய்தான்.

"அம்மிணி, இந்த வாரம் ஆட்டம் நல்லாப் போயிட்டிருக்குது. ரெண்டு நாளு முடிஞ்சுது, அஞ்சாவது எடத்துல நிக்கறேன். சனியும் ஞாயிறும் முடிச்சுப்போட்டு வந்தர்றேன். சீரெல்லாம் அப்பறம் கொண்டாந்து செஞ்சர்றேன். சின்னண்ணன உக்கார வெச்சுக்கறயா, கண்ணு? அவனும் மாமந்தானே?"

பக்கத்தில் பெரியநாயகி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். போனில் என்ன பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே" என்று பூண்டுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "பொறந்த ஊட்டுல ஆளே இல்லாத பக்கம் பொண்ணு எடுத்தா இதுதான். தட்டுத் தூக்கீட்டு வர்றதுக்கு ஒரு நாதியில்ல."

உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு ஏற ஆரம்பித்தது. அவ்வளவுதான். ஆறு வருஷமாக விழுங்கினதெல்லாம் வசந்தாமணியின் தொண்டைக்கு வந்துவிட்டது. மாமியாரிடம் காட்ட முடியாத கோபத்தை அப்படியே அண்ணன் தலையில் கொட்டினாள்.

"அஞ்சாவது எடந்தானுங்ணா? ஜெயிச்சா போயிட்டீங்க? நீங்க வரலைன்னா எனக்குப் பொறந்த ஊடே இல்லைன்னு இன்னைக்கே தலை முழுகீட்டுப் போறேன். இதுதான் நான் கடைசியாக் கூப்புடறது."

"வாரேன்" என்றான் அண்ணன்.

வந்தான். சனிக்கிழமை விமானம் பிடித்துப் பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சேலம் வந்து, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பட்டு வேட்டியும் ஏழு தாம்பாளமுமாகக் கோயில் வாசலில் நின்றான். மேளக்காரர்கள் அடித்த அடியில் பெரியநாயகியின் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கனிஷ்காவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை அலறினாள், மாமன் கண்ணிலும் தண்ணீர். போட்டோக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து எடுத்தார். வசந்தாமணிக்கு அன்று தலை நிமிர்ந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

மாசி வந்தது. மலேசியாவில் நான்கு நாள் ஆட்டம். அதைப் போனில் பார்ப்பது எப்படி என்று வசந்தாமணியின் வீட்டுக்காரர் தனபால் கற்றுக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கொஞ்சம் அவசரக்காரர். வியாழக்கிழமை பதினெட்டாவது இடம். வெள்ளி பதினொன்று. சனி ஏழு. ஞாயிற்றுக்கிழமை மதியம் முட்டை லாரி வந்து நிற்கிறது, ஏற்ற வேண்டிய மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடுவில் நிற்கிறார். ஆறாவது, ஐந்தாவது, மறுபடி ஆறாவது. கடைசிக் குழி. மூன்றாவது!

"மூணு! மச்சான் மூணாவதுடா! மூணு பேருக்குத்தானே சீட்டு!" என்று அவர் போட்ட கூச்சலில் கோழிகள் எல்லாம் சிறகடித்துக்கொண்டு கத்தின. வசந்தாமணி ஆறு மாத வயிற்றோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பெரியநாயகி என்ன செய்தார் தெரியுமா? சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் எல்லார் வாயிலும் போட்டுவிட்டு வந்தார். "எங்க மருமவளோட அண்ணன் சீமைக்குப் போறானுங்க" என்றாராம். அடேயப்பா!

மூன்று என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருந்தது. அந்த இடத்தில் இன்னொருவனும் சமமாக நிற்கிறான் என்று அதற்கு அர்த்தம். தனபால் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே பேனர் அடிக்கிற கடைக்குப் போய்விட்டார். நம் பக்கத்தில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதானே. பிள்ளை பத்தாவது பாஸானால் பேனர், பாட்டன் செத்தால் பேனர்.

நான்கு மணிக்கு வசந்தாமணியின் போன் அடித்தது. "அக்கா, நாந்தானுங்க மாதையன்." அண்ணனுக்குப் பத்து வருஷமாகப் பை தூக்குகிறவர், மேச்சேரிக்காரர். "அண்ணன் கொஞ்ச நேரம் தனியா இருக்கோணும்னு போயிட்டாருங்க. அதான் நான் கூப்புட்டேன். சீட்டுக் கெடைக்கலீங்க."

"மூணாவதுன்னு சொன்னாங்களே?"

"மூணாவது எடத்துல ரெண்டு பேருங்க. அண்ணனும் ஒரு தாய்லாந்துப் பையனும். சீட்டு ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப ரெண்டு பேரும் இன்னொருக்கா ஆடிப் பாக்கறதுதானுங்க?"

"மொதலாவது எடத்துக்குத்தான் அப்படி ஆடுவாங்க. இந்தச் சீட்டுக்கு, உலக லிஸ்ட்டுல ஆரு முன்னாடி இருக்கறாங்கன்னு பாத்துக் குடுத்துருவாங்க. அந்தப் பையன் நானூத்து ஒம்பது. நம்ம அண்ணன் நானூத்துப் பன்னண்டு." மாதையனின் குரல் உடைந்தது. "மூணே எடங்க, அக்கா. அகமதாபாத்த மட்டும் முடிச்சிருந்தா…" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னங்க அகமதாபாத்து?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுங்க மாதையா. என்ற வயித்துல இருக்கற புள்ளை மேல சத்தியமாக் கேக்கறேன், சொல்லுங்க."

சொன்னார். ஒவ்வொரு வாரமும் ஆடி முடிக்கிற இடத்தைப் பொறுத்துப் புள்ளி சேரும். பழைய புள்ளி தேய்ந்துகொண்டே வரும். அந்த வாரம் ஐந்தாவது இடத்தில் நின்றவன் அங்கேயே முடித்திருந்தால் நானூறுக்குள் போயிருப்பான். சரிந்து இருபதாவது வந்திருந்தாலும் அந்தப் பையனைத் தாண்டியிருப்பான். பாதியில் மட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது வேண்டாம் வேண்டாம் என்று மாதையன் கையைப் பிடித்திருக்கிறார். "தங்கச்சி கூப்புடுது" என்று மட்டும் சொன்னானாம்.

வசந்தாமணி உடனே தனபாலுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தம். "கேக்கல, கேக்கல, மறுபடி கூப்புடு" என்றார். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் பட்டாசு.

நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இருபது அடி நீளத்துக்குக் கட்டிவிட்டார்கள். 'பிரிட்டிஷ் ஓபனில் ஆட இங்கிலாந்து செல்லும் எங்கள் வீட்டு மச்சான் தண்டாயுதபாணியை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' கீழே தனபாலின் பங்காளிகள் பதினெட்டுப் பேர் தலைகள், மேலே மூலையில் பெரியநாயகி கும்பிட்டபடி. நடுவில் அண்ணன். வீட்டில் அவனுடைய படம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பட்டு வேட்டியில், மடியில் கனிஷ்கா அலற, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற படம். எந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சீட்டைத் தின்றதோ அந்த ஞாயிற்றுக்கிழமையையே பெரிதாக்கி ரோட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் தனபால் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கழற்ற மாட்டேன் என்றார். "ஒரு வாரம் இருக்கட்டும் வசந்தா. இன்னைக்கே எடுத்தா ஊரே காறித் துப்பும்."

புதன்கிழமை அண்ணன் வருகிறான் என்று தெரிந்தது. மதிய பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தான். காலை பத்து மணிக்கே வசந்தாமணி தீவன மூட்டை அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்குப் போனாள். ஒரு பக்கத்துக் கீழ்க்கயிற்றை அறுத்தாள். மேல் கயிறு எட்டவில்லை. மைல்கல் மேல் ஏறப் பார்த்தாள், வயிறு இடித்தது. பேனர் பாதி மடிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. போகிற லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்து வேடிக்கை பார்த்தான். அந்த நேரம் பார்த்துச் சேலம் பஸ் வந்து நின்றது. காலைப் பஸ்ஸைப் பிடித்துவிட்டான் பாவி.

இறங்கினவன் பேனரைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். கையில் இருந்த கத்தியைப் பார்த்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, "குடு இப்படி, வயித்தோட எங்க ஏர்ற?" என்று கத்தியை வாங்கி மீதி மூன்று கயிற்றையும் அறுத்தான். முதுகு வலிக்க வலிக்கத்தான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, புடவை மடிக்கிற மாதிரி மடித்தார்கள். ஒரு மடிப்பில் அவன் முகம் உள்ளே போயிற்று, அடுத்ததில் கனிஷ்கா.

"ஏனுங்ணா" என்றாள். "என்னாலதானுங்களா?"

இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். அப்படியெல்லாம் இல்லை கண்ணு, அது அவன் நேரம், என் நேரம், இப்படி ஏதாவது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் மடித்த பேனரைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஆமா" என்றான். "அந்த வாரந்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நீளப் புல்லில் பந்து அசைந்தது என்று சொன்னானே, அதே குரலில்தான் சொன்னான். "பசிக்குது அம்மிணி, என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தான். எனக்கே அந்த இடத்தில் அவனைப் பிடித்து நான்கு அறை விடலாம் போல இருக்கிறது. ஒரு பொய் சொன்னால் என்னடா? உன் தங்கைதானே? இங்கே யார் உன் அடியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

வைகாசியில் கதிர் பிறந்தான். ஆடியில் அந்த இங்கிலாந்து ஆட்டம் நடந்தது. தாய்லாந்துக்காரன் இரண்டு நாள் ஆடிவிட்டு வெளியேறினான் என்று தனபால் சொன்னார். வசந்தாமணி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பேனர் நல்ல கெட்டியான பேனர். வீணாக்குவானேன் என்று தனபால் அதை மூன்றாவது ஷெட்டில் மழைச் சாரல் அடிக்கிற பக்கம் தட்டியாகக் கட்டிவிட்டார். படம் உள்பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. தினமும் முட்டை எடுக்கப் போகிற வசந்தாமணி, கூண்டு வரிசையின் கடைசியில் அண்ணன் முகத்துக்கு நேரே போய் நின்றுதான் திரும்ப வேண்டும். இரண்டாம் மாதம் கோழி எச்சமும் தூசியும் படிந்து பட்டு வேட்டி தெரியாமல் போயிற்று. கண்ணில் இருந்த தண்ணீர் மட்டும் தெரிந்தது.

அந்த ஷெட்டில் நின்றுதான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் அண்ணனை எதற்கும் கூப்பிடுவதில்லை. அவனாக வந்தால் சரி. ஒரு வாரமும் என்னால் போகக் கூடாது. பொங்கலுக்கு வரச் சொல்லவில்லை. கதிருக்குப் பெயர் வைத்ததைக்கூட முடிந்த பிறகுதான் சொன்னாள். "அப்படியா, நல்லது கண்ணு" என்றான். போனிலும் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். ஆட்டத்தில் இருப்பான், தொந்தரவு வேண்டாம் என்று.

அடுத்த வருஷம் ஆவணியில் கதிருக்குக் காது குத்து வைத்தார்கள். "உங்கண்ணனுக்குச் சொல்லியாச்சா?" என்று இந்தத் தடவை பெரியநாயகியே கேட்டார். சர்க்கரை போட்ட வாய் இல்லையா. வசந்தாமணி, "அவரு ஆட்டத்துல இருப்பாருங்கத்தை. சின்னண்ணன் உக்காந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பத்திரிகையிலும் தாய்மாமன் என்ற இடத்தில் சின்னண்ணன் பெயரையே போடச் சொன்னாள். சொல்லும்போது நெஞ்சு வலித்தது. வலித்தால் வலிக்கட்டும், இது நான் செய்ததற்குச் செய்கிற பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

சின்னண்ணன் ஐந்து தட்டோடு வந்தான். மேளம் அடித்தது. கதிர் அவன் மடியில் அழவே இல்லை, பத்தரின் மூக்குக் கண்ணாடியைப் பிடிக்கப் பார்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். பந்தி போட்டார்கள். முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்தபோது, ரசம் விட வாளியோடு போன வசந்தாமணி கடைசி வரிசையில் தண்டபாணியைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மஞ்சப் பை. சாதாரண வேட்டி. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி.

வாளியைக் கீழே வைத்துவிட்டாள். "எப்பங்ணா வந்தீங்க?"

"காத்தாலயே வந்துட்டேன். பத்திரிகைய ஆரோ போன்ல அனுப்பிச்சிருந்தாங்க. பின்னால நின்னுட்டிருந்தேன்."

"முன்னால வந்திருக்கலாமில்லீங்ணா?"

"பத்திரிகையில சின்னண்ணன் பேரு போட்டிருந்துது. புள்ளைய மடியில வெச்சுட்டு உக்காந்துட்ட அப்பறம் நாம் போயி எந்திரிடான்னு சொல்றதா?" என்று மஞ்சப் பையை அவள் பக்கம் நகர்த்தினான். உள்ளே ஒரு சின்னச் சட்டையும், நகைக்கடை டப்பாவில் ஒரு ஜோடிக் கடுக்கனும் இருந்தன. "இப்பக் காதுல போட்டிருக்கறதே இருக்கட்டும். இத அப்பறமாப் போட்டு உடு."

வசந்தாமணி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். "உங்களுக்கு ஆட்டம் இருக்கும்னுதாங்ணா கூப்புடல. வேற ஒண்ணுமில்ல. சத்தியமா. மறுபடியும் என்னால ஒரு வாரம் போயிறக் கூடாதுன்னுதான்…"

"எனக்கு ஏதம்மிணி ஆட்டம்?" என்றான் தண்டபாணி. "கார்டு போயி எட்டு மாசமாச்சு. முதுகு உடல. பழைய மைதானத்துலயே மோட்டாருக்குச் சேத்துக்கிட்டாங்க."

"சொல்லவே இல்லீங்களே!"

"சொன்னா நீ அதையும் உன்ற கணக்குல எழுதிக்குவ."

தன் வாழ்க்கையில் அவன் யாரிடமிருந்தாவது மறைத்த ஒரே விஷயம் அதுதான். அதையும் இவளுக்காக மறைத்திருக்கிறான். அவள் அவனுக்காகக் கூப்பிடாமல் இருந்திருக்கிறாள். அந்த எட்டு மாதமும் அவன் தினமும் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் போவதற்கு ஓர் இடமும் இல்லை. தங்கையின் போனையாவது எதிர்பார்த்திருப்பான்.

ரசம் வரவில்லை என்று பக்கத்து இலைக்காரர் குரல் கொடுத்தார். தண்டபாணி குனிந்து வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"கூப்புட்டிருந்தா வந்திருப்பனே, அம்மிணி" என்றான்.